ஆறு வாரக் கோர்ஸ் முடித்துவிட்டுக் கவுன்சிலிங் கொடுப்பவர்களை உளவியலாளர்கள் எதிர்ப்பது தொழில் போட்டியாலா?

கொஞ்சம் அதுவும் உண்டு, மறைப்பானேன்? பெங்களூரு அல்சூரில் பதினோரு வருடமாக மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பேச்சு வந்தால் முதலில் அடிபடுவது ஃபீஸ்தான்.

எங்களுக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டும். என் காலத்தில் அதற்கு வழி, முதுகலைக்குப் பிறகு இரண்டு வருட எம்.ஃபில். கவுன்சிலர் என்ற பெயருக்கோ ரொம்ப நாளாக வேலியே இல்லை. 2021-இல் வந்த இணை சுகாதாரத் தொழில்கள் சட்டம் உளவியலாளர்களையும் சில வகை ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்தது. தெருவில் தொங்கும் போர்டுகள் அப்படியேதான் இருக்கின்றன.

சரி, படித்தவர்கள் மட்டும்தான் பேச வேண்டும் என்றால் முடியுமா? பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய ஆய்வில், மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. அத்தனை பேரையும் எங்களை மட்டும் வைத்துப் பார்த்துவிட முடியாது.

அப்புறம், படிப்பு இருந்தும் நான் கோட்டைவிட்ட கதை ஒன்று. அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஓர் அக்கா வந்தார். "எதுலயும் இஷ்டமில்ல மேடம், உடம்பு கல்லு மாதிரி கெடக்கு" என்றார். மாமியார் பிரச்சினை, மகனின் ஸ்கூல் கடன் என்று பேசப் பேச விஷயம் வந்துகொண்டே இருந்தது. மனச்சோர்வு என்று முடிவு கட்டி இரண்டு மாதம் பேசினேன். ஏப்ரல் வெயிலில் ஸ்வெட்டரோடு வருவார். உடம்பை மறைக்கிறார், தன்னைப் பற்றிக் கூச்சம் என்று நோட்டில் வேறு எழுதி வைத்தேன்!

என் சூப்பர்வைசரிடம் இந்தக் கேஸைச் சொன்னபோது அவர் மற்ற எதையும் கேட்கவில்லை. "ஏப்ரல்லயா ஸ்வெட்டர்? தைராய்டு பார்த்தீங்களா?" அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். தாறுமாறாக ஏறியிருந்தது. தைராய்டு மந்தமாகிவிட்டது என்று அர்த்தம்; வெயிலிலும் குளிர் எடுத்தது அதனால்தான். மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் முகத்து வீக்கம் வடிந்தது. மாமியார் பிரச்சினை அப்படியேதான் இருந்தது. அதைப் பற்றிப் பேசத் தெம்பு வந்திருந்தது.

என் எம்.ஃபில் அந்த அக்காவைக் காப்பாற்றவில்லை. எனக்கு மேலே கேள்வி கேட்க ஒரு ஆள் இருந்ததுதான் காப்பாற்றியது. ஆறு வாரக் கோர்ஸில் எனக்குள்ள சண்டை இதுதான்: சான்றிதழைக் கையில் கொடுத்ததும் தொடர்பு முடிந்துவிடுகிறது. மாட்டிக்கொண்டால் யாருக்குப் போன் போடுவது?

நீங்கள் யாரிடமாவது போவதாக இருந்தால் அதையே கேளுங்கள்: "புரியாத கேஸ் வந்தால் யாரிடம் கேட்பீங்க?" பட்டம் பெற்றவர்களிடமும் கேளுங்கள். கோபப்பட்டால் எழுந்து வந்துவிடலாம். இப்போதைக்கு யாரிடமாவது பேசினால் போதும் என்றால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. காசு கிடையாது, தமிழிலும் பேசலாம்.