வரைபடச் சர்வர் மாற்றம்: எதை எடுத்துப் போவது, எதை விட்டுவிடுவது?

கேள்வி: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (யாரும் திருத்தக்கூடிய திறந்த உலக வரைபடம்) தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து மூன்று சேவைகள் நடத்துகிறோம்: தமிழ்ப் பெயர்களுடன் இந்திய வரைபடத்தைச் சிறு சதுரப் படங்களாக (டைல்களாக) வழங்கும் டைல் சர்வர், மக்கள் தங்கள் சொந்த வரைபடங்களை வரைந்து வைக்கும் ஒரு யூமேப், குழுவுக்கான மீடியாவிக்கி (விக்கித் தளம்). மூன்றும் டெபியன் 9 (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) ஓடும் ஒரே சர்வரில் இருக்கின்றன. அடுத்த மாதம் அதைக் காலி செய்தாக வேண்டும். டெபியன் 12 உள்ள புதிய சர்வருக்கு முழு டிஸ்க்கையும் ஆர்சிங்க் (கோப்புகளை அப்படியே நகலெடுக்கும் கருவி) செய்தால் போதுமா?

பதில்: போதாது. முதலில் சிக்குவது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள். அதன் தரவு அடைவை அப்படியே நகலெடுத்தால் புதிய பதிப்பு அதைத் திறக்காது. பழைய பதிப்பையே தேடிப்பிடித்து நிறுவினால் திறக்கும். ஆபத்தே அங்குதான் இருக்கிறது. லினக்ஸின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சி 2.28இல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறியது. டெபியன் 9இல் இருப்பது 2.24, 12இல் 2.36. பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸை (தேடலை வேகமாக்கும் அட்டவணையை)ப் புதிய விதிப்படி தேடினால், இருக்கும் பயனரையே இல்லை என்று சொல்லும். ஒரே பெயரில் இரண்டு கணக்கும் உருவாகலாம். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆகவே டம்ப் (தரவு முழுவதையும் ஒரு கோப்பாக வெளியே எழுதுவது) எடுத்து மீட்பதே சரி. அப்படிச் செய்யும்போது இண்டெக்ஸ்கள் புதிதாகக் கட்டப்படும்.

ஆனால் எல்லாவற்றையும் டம்ப் எடுக்க வேண்டாம். உங்கள் டிஸ்க்கில் அதிக இடம் பிடித்திருக்கும் டைல் தரவுத்தளத்தை ஒரு பைட்கூட நகர்த்தத் தேவையில்லை. மூலத்தரவு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே இருக்கிறது. ஜியோஃபாப்ரிக் தளத்திலிருந்து இந்தியாவின் பிபிஎஃப் கோப்பை (சுருக்கிய வரைபடத் தரவு) இறக்கி, அதைப் போஸ்ட்கிரெஸில் ஏற்றும் ஓஎஸ்எம்2பிஜிஎஸ்க்யூஎல் கருவி கொண்டு புதிதாக ஏற்றுங்கள். பிபிஎஃப் அளவைப் போல 20 மடங்கு இடம் எஸ்எஸ்டியில் ஒதுக்கிவைப்பது பாதுகாப்பு.

ஏற்றும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். எச்ஸ்டோர் விருப்பத்தை மறந்தால், தனி நெடுவரிசை இல்லாத டேக்குகள் (ஒவ்வொரு இடத்தையும் விவரிக்கும் குறிச்சொற்கள்) எல்லாம் கைவிடப்படும். தமிழ்ப் பெயர் இருக்கும் டேக்கும் அதில் ஒன்று. வரைபடம் பிழையின்றி வரும், ஆனால் தமிழ் ஒரு எழுத்துகூட இருக்காது; மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அடுத்து, ஸ்லிம் முறையில் ஏற்றுங்கள், டிராப் விருப்பத்தைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் இடைநிலை அட்டவணைகள் அழிந்து, தினசரி மாற்றங்களைச் சேர்க்கும் வழி அடைபடும். மூன்றாவது, பழைய வழிகாட்டிகளைப் பார்த்து ஃபிளாட்நோட்ஸ் கோப்பைப் (நோடுகள் எனும் வரைபடப் புள்ளிகளின் இருப்பிடங்களைச் சேமிக்கும் தனிக் கோப்பு) பயன்படுத்த வேண்டாம். அதன் அளவு நாட்டைப் பொறுத்தது அல்ல, அதிகபட்ச நோடு எண்ணைப் பொறுத்தது. எண்கள் 1,200 கோடியைத் தாண்டிவிட்டன. ஒன்றுக்கு 8 பைட் என்று கணக்கிட்டால், எந்த நாட்டை ஏற்றினாலும் 100 ஜிபி அளவில் வந்து நிற்கும். உலகம் முழுவதையும் ஏற்றுபவர்களுக்குத்தான் அது லாபம்.

வரைபடத்தின் தோற்றத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வழக்கமான ஓஎஸ்எம் கார்ட்டோ பாணி என்றால், கடற்பரப்பு போன்ற வெளித்தரவுகளை இறக்கும் ஸ்கிரிப்டையும் எழுத்துரு ஸ்கிரிப்டையும் ஓட்டுங்கள். முந்தையதை விட்டால், டைல் வரையும் வேலை (ரெண்டர்) ‘அட்டவணை இல்லை’ என்ற பிழையோடு நின்றுவிடும். பிந்தையதை விட்டால் தமிழ்ப் பெயர்கள் வெறும் கட்டங்களாகத் தெரியும்.

டைல் கேச் (ஏற்கெனவே வரைந்து சேமித்த டைல்கள்) பற்றி: பாணியின் பதிப்பு மாறுகிறது என்றால் கொண்டுவராதீர்கள். பழைய டைலும் புதிய டைலும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டுத்துணி மாதிரி தெரியும். அதே பாணிதான் என்றால் கோப்புகளின் தேதி மாறாமல் நகலெடுக்க வேண்டும். டைல்களை வழங்கும் மாட்-டைல் (mod_tile) நிரல் ஒரு டைல் பழையதா என்பதைக் கோப்பின் தேதியை வைத்துத்தான் முடிவு செய்கிறது. இறக்குமதி முடிந்ததைக் குறிக்கும் கோப்பின் தேதியோடு ஒப்பிடும். நகலெடுத்த பிறகு அந்தக் குறிப்புக் கோப்பை இன்றைய தேதியில் உருவாக்கினால் கேச் முழுவதும் ஒரே நாளில் பழசாகி, சர்வர் திணறும். கேச் இல்லாமலே போவது எனக்குப் பிடித்த வழி: ஜூம் 0 முதல் 10 வரை முன்கூட்டியே ரெண்டர் செய்துவிட்டு, மீதியைக் கேட்கும்போது வரையவிடுங்கள்.

உண்மையான கவனம் தேவைப்படுவது யூமேப்புக்கு. அளவில் சிறியது, ஆனால் அதில் இருப்பது மனிதர்கள் கையால் வரைந்தது, வேறெங்கும் கிடைக்காது. டேட்டாபேஸ் டம்ப் மட்டும் எடுத்தால் வரைபடங்களின் தலைப்புகள் வரும், புள்ளிகள் வராது. அடுக்குகள் ஜியோஜேசன் கோப்புகளாக மீடியா அடைவில் கிடக்கின்றன, அதையும் எடுங்கள். யூமேப் ஓடும் ஜாங்கோ சட்டகத்தின் சீக்ரெட் கீயையும் (ரகசியச் சாவி) மாற்றாமல் கொண்டுவர வேண்டும். கணக்கில்லாமல் வரைந்தவர்களின் திருத்த இணைப்புகள் அந்தக் கீயால் கையொப்பமிடப்பட்டவை; கீ மாறினால் அவர்கள் தங்கள் வரைபடத்தையே தொட முடியாது.

உள்நுழைவும் மாறியிருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2024இன் நடுவில் ஓஆத் 1.0ஏ (வேறு தளத்தின் கணக்கைக் கொண்டு உள்நுழையும் முறை) முறையை நிறுத்திவிட்டது. ஓஆத் 2 செயலியைப் பதிவு செய்து, திரும்பும் முகவரியை எச்டிடிபிஎஸ் உட்பட எழுத்துக்கு எழுத்து சரியாகக் கொடுங்கள். சோஷியல் ஆத் அட்டவணையில் பழைய வழங்குநர் பெயரைப் புதியதாக மாற்றவும் வேண்டும். இல்லாவிட்டால் பழைய உறுப்பினர் புதிய ஆளாக நுழைவார், அவருடைய வரைபடப் பட்டியல் காலியாக இருக்கும்.

விக்கியில் படங்கள் அடைவு, லோக்கல்செட்டிங்ஸ் கோப்பு, டேட்டாபேஸ் மூன்றும் வேண்டும். மைஎஸ்க்யூஎல் டம்ப்பில் எழுத்துத்தொகுதியை பைனரி என்று குறிப்பிடுங்கள். விட்டால் தமிழ்ப் பக்கங்கள் புரியாத குறியீடுகளாக வந்து சேரக்கூடும். மீடியாவிக்கி 1.27 காலத்துப் பதிப்பென்றால் ஒரே தாவலில் இன்றைய பதிப்புக்குப் போக முயலாதீர்கள். 1.35ஐ டாக்கரில் (நிரலைத் தனிப் பெட்டியாக ஓட்டும் கருவி) ஓட்டி அப்டேட் செய்து, பிறகு மேலே ஏறுங்கள்.

டொமைன் மாற்றத்துக்கு முன்பே தயாராகுங்கள். டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் அமைப்பு) டிடிஎல், அதாவது பழைய முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் விநாடிகள், 86400 என்றிருந்தால், மாறும் நாளுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு 300 ஆக்குங்கள். ஐபிவி6 ரெக்கார்டை மறப்பது வழக்கமான தவறு: பாதிப் பேருக்குப் புதிய சர்வர், மொபைலில் இருக்கும் மீதிப் பேருக்குப் பழையது. எச்டிடிபிஎஸ் சான்றிதழ்கள் இருக்கும் லெட்ஸ்என்க்ரிப்ட் அடைவைச் சிம்லிங்குகளோடு (கோப்புக் குறுக்குவழிகள்) நகலெடுத்தால் சான்றிதழ் முதல் நாளே இருக்கும். உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மட்டும் புதிய ஐபியைப் போட்டு எல்லாவற்றையும் சோதியுங்கள்.

மாறும் இரவில் யூமேப்பையும் விக்கியையும் படிக்க மட்டும் என்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள். கடைசி டம்ப், கடைசி ஆர்சிங்க், மீட்பு, சோதனை, பிறகு டிஎன்எஸ். டைல் சேவையை நிறுத்தவே வேண்டாம். இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் ஓடலாம். பழைய சர்வரின் என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர் நிரல்) வரும் கோரிக்கைகளைப் புதியதற்குத் திருப்பிவிடட்டும். பழைய கிரான் வேலைகளை (குறித்த நேரத்தில் தானே ஓடுபவை) நிறுத்துங்கள், இல்லையேல் விக்கி அறிவிப்புகள் இரட்டையாகப் போகும். மின்னஞ்சலுக்கான எஸ்பிஎஃப் ரெக்கார்டிலும் (எந்த சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல்) ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸிலும் (ஐபியிலிருந்து பெயரைக் காட்டுவது) புதிய ஐபி ஏற வேண்டும். இல்லாவிட்டால் கடவுச்சொல் மீட்பு மின்னஞ்சல்கள் ஸ்பாமுக்குப் போகும். பழைய அணுகல் பதிவில் ஒரு வாரம் எந்த உண்மையான வருகையும் இல்லை என்றான பிறகே டிஸ்க்கை அழியுங்கள், அதுவும் அந்தக் கடைசி டம்ப்பை வேறொரு இடத்தில் வைத்து, ஒருமுறை மீட்டுப் பார்த்த பிறகு.