நாடியைத் தூக்கச் சொல்லுங்கள்

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு பல் கிளினிக்கில் ஹைஜீனிஸ்டாக இருக்கிறேன். நாள் முழுக்க ஸ்கேலிங்தான், அதாவது பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது. பின்கழுத்தும் வலது தோளும் இறுகிக் கிடக்கின்றன, கட்டைவிரல் அடியில் வலி. சில ராத்திரி விரல் மரத்துப்போய் முழித்துக்கொள்கிறேன். பெல்ட் போட்டால் சரியாகுமா? லூப்ஸ் (கண்ணில் மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடி) வாங்கலாமா?

பதில்: பெல்ட் வேண்டாம். லூப்ஸ் பிறகு. முதலில் நோயாளியின் தலையை நகர்த்துங்கள்.

நம் பக்கம் இதில்தான் தயக்கம். வந்திருப்பவர் வயதில் பெரியவர், 'படுத்தா கிறுகிறுன்னு வருது' என்பார். நீங்களும் நாற்காலியை அரைகுறையாகச் சாய்த்துவிட்டு வாய்க்குள் எட்டிப் பார்ப்பீர்கள். மடியில் முறத்தோடு பீடி சுற்றும் முக்கூடல் அக்காக்களின் கழுத்து வலி உங்களுக்கும் வந்துவிட்டது, அவ்வளவுதான். கழுத்து முன்பக்கம் 20 டிகிரிக்கு மேல் வளையக் கூடாது.

முதலில் நீங்கள் உட்காருங்கள். பாதம் தரையில் பதிய, இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக. அதன் பிறகு, நோயாளியின் வாய் உங்கள் முழங்கை மட்டத்துக்கு வரும்படி நாற்காலியை ஏற்றுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மேல் பற்களுக்கு நாற்காலி முழுக்கப் படுக்கட்டும். 'ஆச்சி, நாடிய நல்லா மேல தூக்குங்க' என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். கீழ்ப் பற்களுக்கு முதுகுச் சாய்வைக் கொஞ்சம் உயர்த்தி, நாடியை நெஞ்சுப் பக்கம் இறக்கச் சொல்லுங்கள். கடைவாய்க்கு, 'என்னப் பாத்துத் திரும்புங்க', 'சுவரப் பாத்துத் திரும்புங்க'.

நோயாளியின் உச்சந்தலை 12 மணி என்றால், வலது கைக்காரர் 9 முதல் 12 வரை நகரலாம். 9-லேயே ஒட்டிக்கொண்டு இடுப்பைத் திருகாதீர்கள், ஸ்டூலுக்குச் சக்கரம் இருக்கிறதே! அண்ணப் பக்கத்தை 12-ல் உட்கார்ந்து மிரரில் பாருங்கள்.

இதயக் கோளாறால் மூச்சு வாங்குகிறவர் மெய்யாகவே படுக்க முடியாதவர். அவருக்கு நாற்காலியை நிமிர்த்திவிட்டு நீங்கள் நின்று செய்யுங்கள். நிறைமாதக் கர்ப்பிணிக்கு வலது இடுப்புக்கடியில் சின்னத் தலையணை வைத்து இடப்பக்கம் சாயவிடுங்கள்.

கட்டைவிரல் வலிக்குக் காரணம் இறுக்கிப் பிடிப்பது. மழுங்கின ஸ்கேலரை வைத்து வெற்றிலைக் காரையோடு மல்லுக்கட்டினால் வலிக்காமல் என்ன செய்யும்? அடிக்கடி சாணை பிடியுங்கள். கெட்டிக் காரையை முதலில் அதிர்ந்து உடைக்கும் அல்ட்ராசானிக் கருவியில் எடுங்கள், ஆனால் அழுத்தாதீர்கள். அழுத்தினால் முனையின் அதிர்வு அடங்கிவிடும். கைக்கருவியின் பிடி 10 மி.மீ. தடிமனும், கருவி 15 கிராம் எடையும் இருந்தால் விரலுக்குச் சுமை குறைவு என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். மெல்லிய, கனமான கருவிகளை ஒதுக்குங்கள். கட்டைவிரல் அடியில் இறுக்கும் கையுறையும் வேண்டாம். காரை அதிகமுள்ள இருவரை அடுத்தடுத்துப் போட வேண்டாம் என்று வரவேற்பில் சொல்லிவையுங்கள். டாக்டர் முறைத்தாலும் பரவாயில்லை.

லூப்ஸ் வாங்கினால் உங்கள் வேலைத் தூரத்தையும் பார்வைச் சாய்வையும் அளந்து வாங்குங்கள். சாய்வு தப்பினால் கழுத்து இன்னும் குனியும்.

ராத்திரி மரமரப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நெருக்குகிறது. சுண்டுவிரல் என்றால் முழங்கையைச் சந்தேகிக்கலாம். மணிக்கட்டு நேராக நிற்கும்படி ஸ்பிளின்ட் கட்டித் தூங்கிப் பாருங்கள். சில வாரத்தில் குறையாவிட்டாலோ, கையிலிருந்து பொருள் நழுவினாலோ ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நரம்புப் பரிசோதனையோடு சர்க்கரை, தைராய்டும் பார்த்துவிடுங்கள். அவற்றாலும் விரல் மரக்கும்.