பார்சிலோனா செல்லும் தன்பாலின இணையர் கவனிக்க வேண்டியவை

கேள்வி: நானும் என் இணையரும் சில ஆண்டுகளாகச் சேர்ந்து வாழும் ஆண்கள். சொந்த ஊர் மதுரை, வேலை பெங்களூரில். வரும் செப்டம்பரில் பார்சிலோனாவில் ஒரு வாரம் தங்க எண்ணியிருக்கிறோம். திருநங்கையான எங்கள் தோழி ஒருவரும் உடன் வரக்கூடும். விசா விண்ணப்பத்தில் எங்கள் உறவை எப்படிக் குறிப்பிடுவது? எந்தப் பகுதியில் தங்குவது? தெருவில் கைகோத்து நடக்க முடியும் என்கிறார்களே, அது உண்மைதானா? என் இணையரின் பெற்றோருக்கு எங்கள் உறவைப் பற்றித் தெரியாது என்பதையும் மனத்தில் கொண்டு பதில் சொல்லுங்கள்.

பதில்: கைகோத்து நடப்பது பற்றிய கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். உண்மைதான். பார்சிலோனாவின் நடுப்பகுதியில் இரண்டு ஆண்கள் கைகோத்து நடந்தால் பெரும்பாலும் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உங்கள் பயணத்தில் கூடுதல் கவனம் தேவைப்படும் இடங்கள் அந்த நகரத்தின் தெருக்களைவிட விமானம் மாறும் இடத்திலும், காப்பீட்டுப் படிவத்திலும், உங்கள் கைபேசியிலும்தான் அதிகம் இருக்கின்றன. ஆகவே அவற்றையே விரிவாகப் பேசுகிறேன்.

விசாவைப் பொறுத்தவரை, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் விண்ணப்பத்தில் உங்கள் பாலீர்ப்பைக் கேட்கும் பகுதி எதுவும் கிடையாது. ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்; திருமண நிலை என்ற இடத்தில் இருவரும் மணமாகாதவர் என்று குறிப்பிடுவதே சரியானது, ஏனென்றால் இந்தியச் சட்டப்படி உங்கள் நிலை அதுதான். உடன் அளிக்கும் கடிதத்தில் இருவரும் சேர்ந்து பயணம் செய்கிறீர்கள், ஒரே அறையில் தங்குகிறீர்கள், செலவை இன்னபடி பகிர்ந்துகொள்கிறீர்கள் என்று எழுதினால் போதும். உறவுக்குப் பெயர் சூட்ட வேண்டிய கட்டாயமில்லை, சூட்டினாலும் அதனால் பாதகம் வராது. ஒருவரே முழுச் செலவையும் ஏற்பதாக இருந்தால் அதற்கான ஒப்புதல் கடிதமும் அவருடைய வங்கிக் கணக்கு விவரமும் மற்றவரின் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். ஸ்பெயினுக்கான விண்ணப்பங்களை இந்தியாவில் பி.எல்.எஸ். இன்டர்நேஷனல் நிறுவனம் பெற்றுக்கொள்கிறது. 2024 ஜூன் முதல் விசாக் கட்டணம் 90 யூரோ. சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், கோடைக்கால நெரிசலில் சந்திப்பு நேரம் கிடைக்காமல் தவிப்பதைவிட ஏப்ரல், மே மாதங்களிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

உங்கள் தோழியின் ஆவணங்களுக்குச் சற்றுக் கூடுதல் உழைப்பு தேவைப்படும். இந்தியப் பாஸ்போர்ட்டில் ஆண், பெண் என்பதோடு திருநர் என்ற பிரிவும் உண்டு. அவருடைய பாஸ்போர்ட்டில் எது அச்சாகியிருக்கிறதோ அதுவே விமானச் சீட்டிலும் விசாவிலும் காப்பீட்டிலும் இருக்க வேண்டும். சில விமான நிறுவனங்களின் முன்பதிவுப் பக்கத்தில் இரண்டே பிரிவுகள் இருக்கும். அப்படியானால் தொலைபேசியில் பேசி, அவர்கள் சொல்லும் வழியை மின்னஞ்சலில் எழுத்தாகப் பெற்றுக்கொள்ளட்டும். வங்கிக் கணக்கோ வருமான வரி ஆவணமோ இன்னும் பழைய பெயரில் இருக்குமானால், பெயர் மாற்ற அரசிதழ் அறிவிப்பையும் 2019ஆம் ஆண்டுத் திருநர் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் வழங்கும் அடையாளச் சான்றிதழையும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். ஹார்மோன் மருந்து எடுத்துக்கொள்பவராக இருந்தால் மருத்துவரின் சீட்டும், மருந்துக் கடையின் பெயர் ஒட்டிய அசல் அட்டைப் பெட்டியும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

அடுத்தது விமானப் பாதை. பயணச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் இயல்பாகவே வளைகுடா வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். விமான நிலையத்தைவிட்டு வெளியே வராமல் அடுத்த விமானத்தைப் பிடிக்கும் வரை எந்தச் சிக்கலும் வருவதில்லை, ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் போய்வருகிறார்கள். ஆனால் விமானம் ரத்தாகி, ஓர் இரவு ஊருக்குள் தங்க நேர்ந்தால் அந்த நாட்டின் சட்டத்துக்குள் நீங்கள் வந்துவிடுகிறீர்கள். கத்தாரில் ஆண்களுக்கிடையிலான உறவு தண்டனைக்குரிய குற்றம். ஐக்கிய அரபு அமீரகத்தின் சட்டமும் உங்களுக்கு இடம் தருவதில்லை, திருநங்கையரை அது இன்னும் கடுமையாகப் பாதிக்கும். பெங்களூரிலிருந்து பிராங்க்ஃபர்ட், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் ஆகிய ஊர்களுக்கு நேரடி விமானங்கள் இருக்கும்போது, குறிப்பாகத் தோழியும் உடன் வரும் நிலையில், சில ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் அவற்றையே நான் பரிந்துரைப்பேன். அந்த வழியில் சென்றால் குடிநுழைவுச் சோதனை பார்சிலோனாவில் நடக்காது, விமானம் மாறும் ஊரிலேயே நடந்துவிடும். ஷெங்கன் எல்லைகளில் 2025 அக்டோபர் முதல் கைரேகையையும் முகப்படத்தையும் பதிவு செய்யும் புதிய முறை நடைமுறைக்கு வந்திருப்பதால், இரண்டு விமானங்களுக்கும் இடையே குறைந்தது மூன்று மணி நேரமாவது விட்டுவையுங்கள்.

தங்குவதற்கு எஷாம்ப்லா வட்டாரத்தின் இடப்பக்கப் பகுதியைப் பாருங்கள். பல்மேஸ், உர்ஜெல் தெருக்களுக்கு நடுவே, கொன்செல் த சென் தெருவை ஒட்டி, கேஷாம்ப்லா என்று செல்லமாக அழைக்கப்படும் பகுதி இது. தன்பாலீர்ப்பாளர்களின் மதுக்கூடங்களும் சிற்றுண்டிச் சாலைகளும் கடைகளும் இங்கே அடர்ந்திருக்கின்றன. ஆனாலும் இது தனித்து ஒதுங்கிய பகுதி அன்று, முதியவர்களும் குழந்தைகளோடு குடும்பங்களும் வாழும் சாதாரண நகர்ப்பகுதியே. கொன்செல் த சென் தெருவின் ஒரு நீண்ட பகுதி 2023இல் நடப்போருக்கான பசுமைச் சாலையாக மாற்றப்பட்டுவிட்டதால், மாலையில் உலாவ அதைவிட நல்ல இடம் அந்தப் பகுதியில் இல்லை. கட்டடக் கலைஞர் கவுதியின் கட்டடங்கள் உள்ள பஸேச் டி கிராசியா சாலை இங்கிருந்து நடக்கும் தூரம். 2003இல் ஆரிபாவ் தெருவில் தொடங்கப்பட்ட ஆக்சல் ஹோட்டல் பால்புதுமையினரை (குயர் மக்களை) மனத்தில் வைத்தே நடத்தப்படுவது. எனினும் அதில்தான் தங்க வேண்டும் என்ற அவசியமில்லை. பாகுபாடு காட்டும் விடுதி தண்டிக்கப்படும் என்பதால் மற்ற விடுதிகளிலும் உங்களுக்குச் சிக்கல் வராது. இரண்டு ஆண் பெயர்களைப் பார்த்துவிட்டுப் பழக்கத்தில் இரண்டு தனிக் கட்டில்கள் உள்ள அறையை ஒதுக்கிவிடுவது மட்டும் சில விடுதிகளில் நடக்கும். ஒரே பெரிய கட்டில் வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். வரவேற்பு மேசையில் பாஸ்போர்ட் விவரங்களைப் பதிவு செய்வது எல்லோருக்கும் பொதுவான சட்ட நடைமுறை. சுற்றுலா வரியும் ஆளுக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்கப்படும். விடுதிக்குப் பதிலாக வாடகை வீடு எடுப்பதானால் எச்.யு.டி.பி. (HUTB) என்று தொடங்கும் உரிம எண் விளம்பரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமமில்லாத வீடுகளால் அங்கு நெடுநாளாகத் தகராறு நிலவுகிறது. 2028 நவம்பருக்குள் சுற்றுலா வீடுகளின் உரிமங்களை எல்லாம் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக மாநகராட்சி அறிவித்திருக்கிறது.

இந்த இயல்பு நிலை அந்த ஊருக்கு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி 1954இல் நாடோடிகளுக்கு எதிரான சட்டத்தில் தன்பாலீர்ப்பாளர்களையும் சேர்த்தது. 1970இல் அதற்குப் பதிலாக வந்த சமூக அபாயச் சட்டமும் அவர்களைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்தது. பிராங்கோ இறந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், 1977 ஜூன் 26 அன்று, லா ராம்ப்லா சாலையில் ஸ்பெயினின் முதல் பெருமிதப் பேரணி (பிரைட்) நடந்தது. காவல்துறை ரப்பர் குண்டுகளால் அதைக் கலைத்தது. அதே ராம்ப்லாவில் ஒக்காஞ்யா என்ற ஓவியர் பெண்ணுடை அணிந்து உலாவியதும் அந்த ஆண்டுகளில்தான். 1978இன் முடிவில் அந்தச் சட்டத்திலிருந்து தன்பாலின உறவு நீக்கப்பட்டது. 2005இல், நெதர்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் அடுத்து, தன்பாலினத் திருமணத்தை நாடு முழுவதும் ஏற்ற மூன்றாவது நாடானது ஸ்பெயின். பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட கத்தலோனியா 2014இல் இயற்றிய பாகுபாட்டு எதிர்ப்புச் சட்டம், பாகுபாட்டுக்கான நியாயமான அறிகுறிகள் தெரிந்தால் தான் அவ்வாறு நடந்துகொள்ளவில்லை என்று காட்டும் பொறுப்பை எதிர்த் தரப்பின் மேல் வைக்கிறது. ஸ்பெயினின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் பாலினத்தைத் தாமே அறிவித்துப் பதிவை மாற்றிக்கொள்ளும் உரிமையைத் திருநருக்கு வழங்கியது.

வெறுப்பு முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். சியுதடெல்யா பூங்காவில் 1991 அக்டோபரில் சோனியா ரெஸ்கால்வோ என்ற திருநங்கையை நவநாஜி இளைஞர்கள் அடித்தே கொன்றார்கள். அவர் கொல்லப்பட்ட இசை மேடைக்கு இன்று அவர் பெயர்தான். அதே பூங்காவில், ஒடுக்கப்பட்ட தன்பாலீர்ப்பாளர்களுக்கும் திருநருக்குமான முக்கோண வடிவ நினைவுக்கல் 2011இல் நிறுவப்பட்டது. இரண்டையும் காலை நேரத்தில் ஒரே நடையில் பார்த்துவிடலாம். உங்கள் தோழி வந்தால் அவரை அங்கே அழைத்துச் செல்லத் தவறாதீர்கள். கோம்தே பொரேல் தெருவில் 2019 ஜனவரியில் மாநகராட்சி திறந்த எல்.ஜி.பி.டி.ஐ. மையத்தின் கண்ணாடிகள் சில நாட்களிலேயே உடைக்கப்பட்டன. மையமோ தொடர்ந்து இயங்குகிறது, தகவலுக்கும் உதவிக்கும் வெளிநாட்டவரும் அங்கே போகலாம். தாக்குதலோ வசைச்சொல்லோ நேர்ந்தால் 112 என்ற அவசர எண்ணை அழையுங்கள். வழக்கைப் பதிவு செய்வது மோசோஸ் எனப்படும் கத்தலான் காவல்துறையின் பொறுப்பு.

பழைய நகரத்தில் உள்ள ரவால் பகுதியைப் பற்றி ஒரு சொல். அங்கே பாகிஸ்தானியரும் வங்கதேசத்தவரும் இந்தியரும் நடத்தும் கடைகள் நிறைய உண்டு. நம் சமையலுக்கு ஏங்கும்போது நீங்களே தேடிப் போவீர்கள். நம் முகச்சாயல் உள்ளவர்களுக்கு நடுவே உங்கள் கை தானாகவே விலகக்கூடும். அது அந்தத் தெருவின் குற்றமோ உங்கள் கோழைத்தனமோ அன்று, வாழ்நாள் பழக்கம். எங்கே எவ்வளவு வெளிப்படையாக இருப்பது என்பதை உங்கள் இருவரின் மனநிம்மதியே முடிவு செய்யட்டும்.

உண்மையில் பார்சிலோனாவில் உங்களுக்கு நேரக்கூடிய தொல்லை ஜேப்படிதான். ராம்ப்லாவிலும் மெட்ரோவிலும் கடற்கரையிலும் கைபேசியும் பணப்பையும் நொடியில் காணாமல் போகும். அங்கே இரவுச் சாப்பாடே ஒன்பது மணிக்கு மேல்தான். மதுக்கூடங்கள் நள்ளிரவை ஒட்டியும் நடன அரங்குகள் இரண்டு மணிக்குப் பிறகும்தான் களைகட்டும். மெட்ரோ வெள்ளி இரவு இரண்டு மணி வரையும் சனி இரவு முழுவதும் ஓடுகிறது. மற்ற நாட்களில் நள்ளிரவோடு நின்றுவிடும், அதன்பின் இரவுப் பேருந்தோ வாடகைக் காரோதான். சந்திப்புகளுக்குப் பெயர்போன மோன்ஜுயிக் குன்றின் பூங்காப் பாதைகளில் இருட்டிய பிறகு வழிப்பறி நடப்பதால் அந்தப் பக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

செப்டம்பரைத் தேர்ந்தெடுத்தது மிக நல்ல முடிவு. கோடையின் பெருமித விழாவையும் ஆகஸ்டில் நடக்கும் சர்க்யூட் என்ற தன்பாலீர்ப்பாளர் கொண்டாட்டத்தையும் தவறவிடுகிறோமே என்று வருந்த வேண்டாம். அந்த நாட்களில் விலையும் கூட்டமும் எக்கச்சக்கம். செப்டம்பரில் கடல்நீர் இதமாக இருக்கும்; 24ஆம் தேதியை ஒட்டி லா மெர்சே திருவிழாவில் மனிதக் கோபுரங்களையும் தெருவில் தீப்பொறி பறக்கும் ஊர்வலத்தையும் பார்க்கலாம். போப்லநோ பகுதியை ஒட்டிய மார் பெல்யா கடற்கரையில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் பகுதியும் ஆடையின்றிக் குளிக்கும் பகுதியும் உண்டு. ஆனால் கடற்கரையைவிட்டுத் தெருவுக்கு வரும்போது சட்டை அணிந்திருக்க வேண்டும், நீச்சலுடையோடு நகருக்குள் நடந்தால் அபராதம். ஒரு நாளைச் சிட்ஜஸ் ஊருக்கு ஒதுக்குங்கள். பஸேச் டி கிராசியா நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் 40 நிமிடம்தான்; பல பத்தாண்டுகளாகத் தன்பாலீர்ப்பாளர்களை வரவேற்றுவரும் அந்தச் சிறிய கடலோர ஊரில் ஊர் நடுவிலேயே பஸ்ஸா ரொதோனா கடற்கரை இருக்கிறது. திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தை இறங்கியவுடனே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

உடல்நலம் குறித்து இரண்டு செய்திகள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தோ சிகிச்சை மருந்தோ எடுத்துக்கொள்பவராக இருந்தால் முழுப் பயணத்துக்கும் போதுமானதை இங்கிருந்தே கொண்டுசெல்லுங்கள். தொற்று நேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை விரைவாக, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எஷாம்ப்லாவிலேயே உள்ள ஹாஸ்பிட்டல் கிளினிக் பெரிய பொது மருத்துவமனை.

பெற்றோரைப் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். பலர் புகைப்படத்தைப் பற்றி யோசிக்கிறார்களே தவிர, காப்பீட்டுப் படிவத்தை மறந்துவிடுகிறார்கள். அதில் அவசரத் தொடர்புக்கு யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் நிறுவனம் முதலில் அழைக்கும். அங்கே பெற்றோரின் பெயர் இருந்தால், உங்கள் இணையருக்குக் கால் முறிந்தாலும் மதுரைக்குத்தான் தொலைபேசி போகும். இருவரும் ஒருவரையொருவர் அவசரத் தொடர்பாகக் குறிப்பிடுங்கள். மருத்துவத் தகவலைத் தெரிவிக்கலாம், சிகிச்சை முடிவில் கலந்துகொள்ளலாம் என்று ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2023 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை அளிக்க மறுத்துவிட்டதால் உங்களிடம் காட்டுவதற்கு மணச் சான்றிதழ் இருக்காது. ஆனால் ஸ்பெயினின் நோயாளர் உரிமைச் சட்டம் குடும்பத்தாரைப் போலவே, நடைமுறையில் சேர்ந்து வாழும் இணையரையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, அங்கே இந்தக் கடிதம் துணையாக இருக்கும்.

படங்களைப் பொறுத்தவரை, வீட்டாரோடு பகிர்ந்திருக்கும் கூகுள் ஆல்பத்தையும் தானாகப் பதிவேறும் அமைப்பையும் கிளம்பும் முன்பே நிறுத்திவையுங்கள். சமூக ஊடகத்தில் மற்றவர் உங்களைக் குறியிட்டால் உங்கள் ஒப்புதலுக்குப் பிறகே தெரியும்படி மாற்றுங்கள்; நடன அரங்குகளில் அரங்கின் புகைப்படக்காரர் படமெடுத்தால் வேண்டாம் என்று கையசைத்தால் போதும். கைபேசி திருடு போவது அங்கே சாதாரணம் என்று முன்பே சொன்னேன். திரையைப் பூட்டுவதோடு, தனிப்பட்ட படங்களைப் பூட்டிய கோப்புறைக்கு மாற்றி, தொலைவிலிருந்தே அனைத்தையும் அழிக்கும் வசதியை இருவர் கைபேசியிலும் இயக்கி, ஒருவருடைய கடவுச்சொல்லை மற்றவரும் அறிந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.