மீட்டரை மாற்றினால் பில் குறையுமா? கார் சென்சார் கேள்விகள்

செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0171 கோட் வந்ததாகச் சொல்லி ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். ஒரே வாரத்தில் விளக்கு மறுபடியும். இப்போது இன்னொரு சென்சார் மாற்றணுமாம். (கோவை)

மாற்றாதீர்கள். கரன்ட் பில் கூடியதற்கு மீட்டரைக் கழற்றி எறிகிற வேலை இது. பட்டறைகளில் தினமும் நடக்கிறது, எனக்குத் தினமும் எரிச்சல் வருகிறது.

எக்ஸாஸ்ட் குழாயில் செருகியிருக்கும் அந்தச் சென்சாருக்குள் பிளாட்டினம் பூசிய சிர்கோனியா பீங்கான் இருக்கிறது. ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் ஆக்சிஜன் எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ, அதற்கேற்ப மின்னழுத்தம் உண்டாகும். பெட்ரோல் அதிகமானால் 0.9 வோல்ட் பக்கம், காற்று அதிகமானால் 0.1 வோல்ட் பக்கம். இதைப் பார்த்துத்தான் கணினி 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவில் கலவையை வைக்கிறது.

பி0171 என்றால் ‘காற்று அதிகம், பெட்ரோல் குறைவு’. சென்சார் பெரும்பாலும் தன் வேலையைச் சரியாகச் செய்துதான் இதைச் சொல்லியிருக்கும். வெடித்த வேக்கம் ஹோஸ் (ரப்பர் குழாய்), காற்று உள்ளே போகும் இன்டேக்கில் கசிவு, அழுத்தம் இழந்த பெட்ரோல் பம்ப், சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் ஓட்டை: இவற்றைப் பார்த்தார்களா? வண்டி ஓடும்போதே ஸ்கேனரில் தெரியும் சென்சார் அளவுகளை (லைவ் டேட்டா) காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சென்சாரையும் கேட்டு வாங்குங்கள். அது நல்லதாகவே இருக்கலாம்.

ஆன்லைனில் ‘யுனிவர்சல்’ சென்சார் கால்வாசி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (திருச்சி)

வேண்டாம். நான் வாங்கியது அலமாரியில் கிடக்கிறது. ஒயரை வெட்டி ஒட்டணும் என்றார்கள். பல சென்சார்கள் வெளிக்காற்றை ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் இழுக்கின்றன, ஈயம் வைத்தால் அந்த வழி அடைபடும். மரை பொருந்துகிறது என்பதற்காகச் சென்சார் பொருந்திவிடாது. பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள்.

பத்து மாதமாக விளக்கு எரிகிறது. வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது? (சேலம்)

விளக்கைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் அடுத்துப் போகக்கூடியது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். அது என்ன விலை என்று விசாரித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

டாக்ஸி ஓட்டுகிறேன். ஆயில் கசிவுக்கு வால்வு கவரில் சிலிகான் பேஸ்ட் போட்டார்கள். சில நாளில் மைலேஜ் விழுந்து சென்சார் போனது. “எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்கிறார்கள். பில்லும் தரவில்லை. (மதுரை)

சம்பந்தம் இருக்கலாம் அண்ணே. சாதாரண சிலிகான் பேஸ்டின் ஆவி இன்ஜினுக்குள் போய் எரிந்து, சிலிக்காவாகச் சென்சார் மேல் படியும். அப்புறம் அது ஆக்சிஜனை உணராது. இதற்கென்றே ‘சென்சார் சேஃப்’ என்று அச்சிட்ட டியூப் கடையில் இருக்கிறது. பழைய சென்சாரைத் தூக்கிப் போடாதீர்கள். முனையில் வெள்ளைப் படிவம் இருந்தால் படம் எடுத்து வையுங்கள்.

பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு உங்களுக்குச் சாட்சி. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2 ஆண்டுக்குள் போகணும், நீங்கள் பட்டறைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. நாள் கூலியை விட்டு அலையவேண்டும் என்பது தெரியும். ஆனாலும் விடாதீர்கள்.

டேங்கில் ஊற்றும் ‘சென்சார் கிளீனர்’ வாங்கிவிட்டேன். எப்போது ஊற்றுவது? (ஈரோடு)

மூடியைத் திறக்கவில்லையே? திருப்பிக் கொடுங்கள்.