பன்னிரண்டு டப்பாக்கள்

அன்புள்ள அக்கா,

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். தினமும் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து ‘இன்றைக்கு என்ன?’ என்று ஆரம்பிப்பது அலுத்துவிட்டது. அதனால் போன ஞாயிறு, வாரம் முழுக்கச் சேர்த்துச் சமைத்தேன். சாதம், சாம்பார், தேங்காய் போட்ட பீன்ஸ் பொரியல், கோஸ் கூட்டு. ஐந்து மணி நேரம், பன்னிரண்டு டப்பா. புதன்கிழமை கூட்டு ஊசிப்போயிற்று. வியாழக்கிழமை மனைவி ஓட்டலுக்குப் போகலாம் என்றாள். மிச்சத்தைக் கொட்டிவிட்டோம். இந்த முறை நம் சாப்பாட்டுக்கு ஒத்துவராதா?

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள தம்பி,

தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு புதன்கிழமை வரை தாங்கியதே பெரிய விஷயம். உங்கள் கைப்பக்குவத்தில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் எதைச் சேர்த்து வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்பதில்தான் கோட்டை விட்டிருக்கிறீர்கள்.

முதலில் சாதம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா இருக்கும். அதன் வித்து வேகவைத்தாலும் சாவதில்லை. சாதம் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஐந்து மணி நேரச் சமையலில் முதலில் இறக்கிய சாதம் எவ்வளவு நேரம் மேடையில் கிடந்தது என்று யோசித்துப் பாருங்கள். குக்கரில் அரை மணி நேர வேலை. அதை அன்றன்றைக்கே வைத்துக்கொள்ளலாம்.

சேர்த்து வைக்க வேண்டியது பாதி வேலைகளை. அதில் முதல் இடம் மாவுக்கு. நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரைத்ததும் பாதியை உப்புப் போட்டுக் கரைத்துப் புளிக்க விடுங்கள். மறுபாதியை உப்பில்லாமல் உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். முதல் பாதி திங்கள் இட்லி, செவ்வாய் தோசை. புதன் இரவு மறுபாதியை வெளியே எடுத்து உப்புப் போட்டு வைத்தால் வியாழன் மறுபடி இட்லி. சனிக்கிழமை அடியில் கிடக்கிற புளித்த மாவில் வெங்காயம் வெட்டிப் போட்டுப் பணியாரம். எனக்கு அந்தப் பணியாரத்துக்காகவே மாவு மிஞ்ச வேண்டும்!

அடுத்தது புளிக்காய்ச்சல். புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும்வரை கொதிக்கவிடுங்கள். புளிப்பும் உப்பும் சேர்ந்து, தண்ணீரும் வற்றிவிடுவதால் அது கெடுவதற்கு வழி குறைவு. வத்தக்குழம்பும் அதே ஜாதிதான், இரண்டாம் நாள் இன்னும் ருசிக்கும். ஈரக் கரண்டி மட்டும் போடாதீர்கள். நான் ஒரு தடவை அவசரத்தில் அப்பளம் பொரிக்கக் கழுவி வைத்திருந்த கரண்டியைப் போட்டுவிட்டேன். நாலாம் நாள் மேலே பூஞ்சை, பாட்டிலோடு போயிற்று.

பொரியலுக்குக் காய் மட்டும் நறுக்கி வையுங்கள். பீன்ஸ், கேரட், கோஸ் மூன்று நாள் தாங்கும். வெண்டைக்காயை முழுதாகத் துடைத்து வைத்தால் போதும், நறுக்கினால் கொழகொழத்துவிடும். கத்தரிக்காய் கறுத்துப்போகும். தேங்காயைத் துருவி ஃப்ரீசரில் போட்டுவிட்டு, வேண்டியபோது ஒரு கைப்பிடி எடுங்கள். கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்து, அதையும் ஃப்ரீசரில் வைக்கலாம்.

எதைச் செய்தாலும் தாளிப்பைக் கடைசிக்கு விடுங்கள். மூன்று நாளைக்கு முந்தி நறுக்கிய காய் என்றாலும், கடுகு வெடித்துக் கறிவேப்பிலை விழும் சத்தம் அடுப்படியிலிருந்து வந்தால் யாரும் பழசு என்று சொல்ல மாட்டார்கள்.

பட்டியலைக் கிழமை பார்த்து எழுதாமல் காய் பார்த்து எழுதுங்கள். ஞாயிறு சந்தையில் வாங்கிய கீரை திங்களே போக வேண்டும். முருங்கை, கத்தரி செவ்வாய், புதன். கோஸ், பீட்ரூட், பூசணி, சேனை வாரக் கடைசிக்கு. வெள்ளி ராத்திரியை எழுதாமல் விடுங்கள். அன்றைக்கு மனைவி ஓட்டல் என்றால் ஓட்டல்.

அந்தப் பன்னிரண்டு டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாவுக்கு இரண்டு, காய்க்கு நாலு, தேங்காய்க்கு ஒன்று, கடலைக்கு ஒன்று. புளிக்காய்ச்சலுக்கு மட்டும் கண்ணாடி பாட்டில் வாங்குங்கள், பிளாஸ்டிக்கில் புளி வாசம் லேசில் போகாது.

அன்புடன்,
அக்கா