இடுப்பு இளைத்தும் எடை குறையவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 46. பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குக் கார் ஓட்டிப் போய்வருகிறேன். இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின், கிளிக்லசைட் மாத்திரைகள் சாப்பிடுகிறேன். நான்கு மாதமாக நடைப்பயிற்சி, டம்பெல் பயிற்சி, இரவில் அரை வயிற்றுச் சோறு. இடுப்பு 40 அங்குலத்திலிருந்து 37க்கு வந்துவிட்டது. எடை மட்டும் 78 கிலோவிலேயே நிற்கிறது. தைராய்டு கோளாறா? சிறுநீரகம் பழுதாகி உடம்பில் நீர் சேர்கிறதா? என் அம்மா டயாலிசிஸ் செய்துகொண்டவர். காலை 11 மணிவாக்கில் கை நடுங்கி வியர்க்கிறது. மைலோ குடித்தால் சரியாகிவிடும். கொழுப்பு கரைவதால் அப்படி என்கிறார் தோழி. அவர் தந்த ஸ்லிம்மிங் காப்பியும் குடித்து வருகிறேன்.

மருத்துவர் பதில்: கொழுப்பு கரையும்போது கை நடுங்காது அம்மா. இரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போதுதான் நடுங்கும். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமானது.

கிளிக்லசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. வயிற்றுக் கொழுப்பு குறைந்து, தசைகளும் வேலை செய்யத் தொடங்கிய உடம்புக்கு முன்னைவிடக் குறைந்த இன்சுலினே போதும். மாத்திரையோ நான்கு மாதத்துக்கு முந்தைய உடம்புக்கு எழுதப்பட்டது. கை நடுங்கும் அந்த நேரத்தில் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். 4-க்குக் கீழே (mmol/L கணக்கில்) இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். சரியானதும் எதையாவது சாப்பிடுங்கள். கருவி கையில் இல்லையென்றால் முதலில் சீனித் தண்ணீர், சோதனை பிறகு. உங்களுக்கு இப்படி வரும் என்று உடன் வேலை செய்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 999-ஐ அழைக்க வேண்டும்.

அடுத்த தவணை வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். மாத்திரையின் அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்பதை அங்கே முடிவு செய்வார்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையைப் போட்டுவிட்டுப் பசியாறாமல் கிளம்பாதீர்கள். வெள்ளிக்கிழமை விரதம் உண்டென்றால் அதையும் அங்கே சொல்லுங்கள். அதுவரை, கார் சாவியை எடுக்கும் முன் சர்க்கரையைப் பாருங்கள். 5-க்குக் கீழே என்றால் சாப்பிட்டு, அளவு ஏறிய பிறகே கிளம்புங்கள். 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தின் நடுவில் கண் இருட்டினால் உங்களோடு பக்கத்து வண்டிக்காரருக்கும் ஆபத்து.

எடை ஏன் அசையவில்லை? தினமும் 11 மணிக்குக் குடிக்கும் மைலோவும் ஒரு காரணம். சர்க்கரை இறங்குகிறது, நீங்கள் சாப்பிட்டு ஏற்றுகிறீர்கள். கிளிக்லசைட்டுக்கும் எடையைச் சற்றுக் கூட்டும் குணம் உண்டு. டம்பெல் தூக்கியதில் கொஞ்சம் தசை சேர்ந்திருக்கும். தசை கொழுப்பைவிட அடர்த்தியானது, அதே எடைக்குக் குறைந்த இடமே பிடிக்கும். மாதவிலக்குக்கு முன்னும், உப்பு கூடிய சாப்பாட்டுக்கு மறுநாளும் ஒரு கிலோ ஏறி இறங்குவதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. மூன்று அங்குலம் போனதே, அதற்கு மகிழுங்கள். ஈரலையும் இதயத்தையும் கெடுப்பது வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புதான். ஆசியப் பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பார்கள், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம். இன்னும் தூரம் இருக்கிறது, போகும் பாதை சரிதான்.

தாயாரின் டயாலிசிஸ்தான் உங்கள் உண்மையான பயம் என்று புரிகிறது. சிறுநீரகம் கெட்டு நீர் சேர்ந்தால் செருப்பு இறுகும், காலையில் முகம் வீங்கும், பாவாடை தளராது. கணுக்காலைக் கட்டை விரலால் சில நொடி அழுத்துங்கள். குழி விழுந்து நின்றால் சொல்லுங்கள். ஆனால் ஆரம்பக் கோளாறு வீக்கத்தில் தெரியாது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு, இரண்டையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இந்த ஆண்டு பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். தைராய்டுக்கு ஓர் இரத்தச் சோதனை போதும். அதைக் கைத்தொலைபேசியில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

அந்தக் காப்பியை இன்றோடு நிறுத்துங்கள். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட சிபுட்ராமின் என்ற மருந்து இப்படிப்பட்ட மெலிவுப் பொருள்களில் கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. தோழி நல்லவராகவே இருக்கட்டும், பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. தூக்கி எறியாமல், கிளினிக்குக்குப் போகும்போது மாத்திரைகளோடு அதையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.