நிலவுரிமையும் அரசோடு சேர்ந்து நிற்பதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருத்துறைப்பூண்டிப் பக்கம் நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பங்களுக்கு மனைப்பட்டாவும் சாகுபடி நிலமும் கிடைக்க முயலும் சிறிய அமைப்பு ஒன்றில் இருக்கிறேன். வருவாய்த் துறையோடு சேர்ந்து பட்டா முகாம் நடத்தலாம் என்றேன். “தாசில்தாரோடு மேடையில் உட்கார்ந்தவர்கள் நாளை அவர் அலுவலகத்துக்கு முன்னால் உட்கார மாட்டார்கள்” என்று மூத்த தோழர்கள் மறுத்துவிட்டார்கள். உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தோழர்களின் அச்சம் அனுபவத்தில் விளைந்தது என்பதால் அதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனாலும் இதற்கான விடை உங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபின் கீழத்தஞ்சைக்கு வந்து தங்கிய காந்தியத் தம்பதியர் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981இல், உழுபவருக்கு நிலம் பெற்றுத்தரும் லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கினார்கள். நில உச்சவரம்புச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. 30 தர ஏக்கராக (நிலத்தின் தரத்தைக் கணக்கில் கொண்ட ஏக்கர்) இருந்த வரம்பு 1970இல் 15 ஆகவும் குறைக்கப்பட்டது. ஆனால் பினாமிப் பெயர்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் பின்னால் நிலம் ஒளிந்துகொண்டது. எனவே அவர்கள் மிராசுதாரையும் கூலிக் குடும்பங்களையும் எதிரெதிரே உட்காரவைத்து, நியாயமான விலை பேசி, கடனுக்கு வழிசெய்து, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்ற அளவில் பெண்களின் பெயரிலேயே நிலத்தைப் பதிவு செய்தார்கள். சுமார் 13,000 குடும்பங்கள் அப்படி நிலம் பெற்றன.

விற்க மனமில்லாத ஒருவரிடம் பலமுறை போய்ப் பேசுவதையும், கடனுக்கு அஞ்சும் குடும்பத்துக்குத் துணிவு தருவதையும் எந்த அதிகாரியும் செய்ய முடியாது. அதேபோல் முத்திரைத் தீர்வையைத் தளர்த்துவதையும், நிலத்தை அளந்து உட்பிரிவு செய்வதையும், பட்டா மாற்றுவதையும் எந்த இயக்கமும் தானே செய்துகொள்ள முடியாது. கிரையப் பத்திரம் கைக்கு வந்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று நம்பிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உட்பிரிவு ஆகாதவரை நில உரிமைப் பதிவேடான சிட்டாவில் பழைய உரிமையாளரின் பெயரே நிற்கும்; கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் கேட்கும்போதும், பயிர்க் காப்பீட்டுக்குப் பதியும்போதும், வெள்ள நிவாரணக் கணக்கெடுப்பின்போதும் அந்தப் பெண் தன் வயலுக்கே அயலாள் ஆகிவிடுவார். பத்து ஆண்டு கழித்துப் பழைய உரிமையாளரின் வாரிசுகள் வந்து நிற்கும்போது வழக்குச் செலவுக்கு அந்த ஏக்கரே போய்விடும். இந்தக் கொடுமையை மறியலால் மட்டும் தடுக்க முடியாது. நில அளவரும் கிராம நிர்வாக அலுவலரும் நம்மோடு வரப்பில் நடந்தாக வேண்டும்.

அரசோடு சேர்ந்தால் இயக்கம் கரைந்துவிடுமா என்பதுதான் உங்கள் தோழர்களின் கவலை. அரசு அலுவலகங்களுக்கு ஓயாமல் நடந்த அதே ஜெகந்நாதன்தான் கடலோர இறால் பண்ணைகள் விளைநிலத்தையும் குடிநீரையும் உப்பாக்கியபோது இந்திய அரசை எதிர்மனுதாரராக்கி உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பரில் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பும் பெற்றார். பட்டா மாறுதலுக்காக ஒரு அலுவலகத்தின் படியேறியதால் அவர் எதையும் விட்டுக்கொடுத்துவிடவில்லை.

ஆதிதிராவிடர், பழங்குடியினப் பெண்கள் விளைநிலம் வாங்க, மதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகமான தாட்கோ இப்போது நடத்துகிறது. முத்திரைத் தீர்வைக்கும் விலக்கு உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் உங்கள் பகுதியில் தனிமனிதர்கள் கெஞ்சிக் கேட்டது இன்று அரசாணையாக இருக்கிறது. ஆனால் விற்பவரைத் தேடிப் பிடிப்பதும், வில்லங்கம் பார்ப்பதும், விலை பேசுவதும் இன்னமும் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுகின்றன. உங்களைப் போன்றவர்களின் வேலை அங்கேதான் இருக்கிறது.

ஆகவே முகாமை நடத்துங்கள். செலவை உங்கள் அமைப்பே ஏற்கட்டும். ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகை பெற்று, நகலை ஊர்க்கூட்டத்தில் வாசியுங்கள். ஆண்டுதோறும் வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்திக்கு முன்பாகவே நில அளவைப் புலப்படமும் சிட்டா நகலும் எடுத்து, கணவர் பெயரை அல்ல, அந்தப் பெண்ணின் பெயரை எழுதி மனுவைத் தயாராக வைத்திருங்கள். உங்கள் மூத்த தோழர்களையும் அழைத்துச் செல்லுங்கள். ஒப்புகை பெற்ற மனு குறித்த காலத்தில் தீராவிட்டால் அலுவலக வாசலில் உட்கார வேண்டியவர்களும் அவர்கள்தான் என்பதைத் தாசில்தாரிடம் முகாமன்றே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்